முதலாளி இல்லாத இடத்தில் தம்பியைத் தேடினோம்

இன்டர்நெற் கடைக்காரர் முதன்முதலில் அதைப் பற்றிச் சொன்னபோது என்னைப் பேய்க்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். உலகத்தின் பல மூலைகளிலும் இருக்கிற தமிழர்கள் வந்து கூடிப் பேசுகிற ஒரு இடம் கணினிக்குள் இருக்கிறதாம். அதற்கு முதலாளி கிடையாதாம்.

“முதலாளி இல்லாம எப்பிடி? அப்ப ஆர் நடத்துற?”

“ஆரும் நடத்துறல்ல, தங்கச்சி.”

“சண்டை வந்தா ஆரிட்டப் போய்ச் சொல்லுற?”

“அங்க நடக்கிறதே சண்டைதான்,” என்று சிரித்தார். “சொல்லுறதுக்குத்தான் ஆளில்ல.”

கோயிலுக்கு வண்ணக்கர், பள்ளிக்கூடத்துக்கு அதிபர், சந்தைக்குக் குத்தகைக்காரர் என்று எதற்கும் ஒரு ஆள் இருந்த ஊரில் வளர்ந்தவள் நான். வாவியைக் கடப்பதென்றால்கூட இக்கரையில் ஆமிக்கு ஒரு பதில், அக்கரையில் இயக்கத்துக்கு ஒரு பதில் சொல்லித்தான் கடப்போம். கேட்க ஆளில்லாத இடம் ஒன்று உண்டு என்று அந்த மனிதர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம். பிறகு வந்தது ஆசை.

அது சமாதான காலம். காவலரண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. உள்ளே நின்ற பொடியன்கள் மட்டும் கொஞ்சம் சிரிக்கப் பழகியிருந்தார்கள். நான் மட்டக்களப்புப் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, வாடகை அறை ஒன்றில் இருந்தேன். அக்காவின் வீடு வாவிக்கு அந்தப் பக்கமான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில். எங்கள் பகுதியில் வீடு மூத்த மகளுக்குத்தான் போகும். அப்படியே அப்பாவும் அக்காவின் பொறுப்பில் இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மண்முனைத் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் இரும்பு மிதவையில் ஏறி, சைக்கிள்களுக்கும் நெல் மூட்டைகளுக்கும் நடுவில் நின்றபடி அக்கரைக்குப் போவேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது வயல் வட்டைக்குள் வைத்துத்தான். அறுவடை நேரம். வரம்பில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் போய், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதுவரை ஊரில் அவருடைய வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. இப்போது அவர் பேசுவதை அக்கா ஒருத்திதான் விளங்கிக்கொண்டு எங்களுக்கு எடுத்துச் சொன்னாள்.

அப்படி அவள் எடுத்துச் சொன்னவற்றில் ஒன்றுதான் எங்களை அந்த நெற் கடைக்கு அனுப்பியது. “தம்பிட குரலக் கேக்கணுமாம்,” என்றாள்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. தம்பியின் பெயரை எடுக்கக்கூடாது என்று சொன்னவரே அவர்தான். தம்பி ஒரு கெட்ட வருடத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து யாரையோ பிடித்து வெளிநாடு போனவன். போன இடத்தில் எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டுப் படத்தை அனுப்பினான். குடி என்ன, பெண் யார், தகப்பன் யார், ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. ஊர்த் தொலைபேசிக் கடையான கொமினிகேசனுக்குத் தம்பியின் அழைப்பு வந்தபோது, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, “இனிமே இஞ்ச எடுக்காத,” என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தார். தம்பியும் அவருக்குப் பிறந்தவன்தானே. எடுக்கவில்லை. பிறகு நாங்கள் இடம்பெயர்ந்து இரண்டு மூன்று ஊர் மாறினோம். அந்தக் கொமினிகேசனும் மூடிப்போயிற்று. அவனும் நாடு மாறிவிட்டான் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். எங்கே என்று சொல்ல ஆளில்லை.

முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட அப்பா கேட்கவில்லை. குரல் போதுமாம். அப்படி இறங்கிவந்து கேட்கிற மனிதர் அல்ல அவர். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அவருக்கு நாள் கிட்டிவிட்டது என்று அவருக்கே தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

நெற் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. பலகைத் தடுப்புப் போட்ட சின்னச் சின்ன அறைகள். உள்ளே காற்றாடியின் சத்தமும் வியர்வை நாற்றமும். அந்த முதலாளியில்லாத இடத்தைத் திறந்து காட்டியபோது, எனக்கு அரசாங்கக் கச்சேரி வாசலுக்குப் போனது போல இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதாகத் தெரியவில்லை. ஒருவர் எழுதியதன் கீழே இன்னொருவர் எழுதுவார், அதன் கீழே வேறொருவர். சில இடங்களில் பதில் இருக்கும், கேள்வியைக் காணோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கேள்வி சுணங்கி வந்து பதிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும்.

பெயர்களைப் பார்த்து இன்னும் திகைத்தேன். ஒருவர் பெயர் பழைய சைக்கிள். இன்னொருவர் உப்புமூட்டை. ஆறாம் விரல் என்று ஒருவர், அவர் யாரோடும் ஒத்துப்போனதே இல்லை. புட்டுக்குத் தேங்காய்ப்பூவை நடுவில் போடுவதா அடியில் போடுவதா என்பதில் தொடங்கி, கடைசியில் ஒருவர் ஊரை ஒருவர் இழுத்து, தாய் தகப்பனையும் இழுத்துத்தான் முடிப்பார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் மற்றவர் கணினியில் பெட்டி பெட்டியாகத் தெரியுமாம். முதல் நாள் வாசித்து முடித்தபோது எனக்குத் தலையிடி வந்துவிட்டது.

“புதுசா வாறவங்கள வா எண்டு ஒராளும் சொல்லுறல்லயா?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“ஆர் சொல்லுற? வீட்டுக்காரனெண்டு ஒருத்தன் இருந்தாத்தானே.”

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். எழுதுவதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லையாம். எங்கள் கடைக்கு இணைப்புத் தருகிற கம்பனியின் மெசினில் ஒரு கொப்பி, லண்டனில் ஒன்று, கனடாவில் ஒன்று என்று ஆயிரம் கொப்பி. ஒருவர் ஒரு மெசினில் எழுதினால் அது பக்கத்து மெசினுக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்குப் போகும்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. எங்கள் ஊரில் செத்தவீட்டுச் செய்தி போவதும் அப்படித்தான். பட்டினத்து ஆஸ்பத்திரியில் ஒருவர் கண்ணை மூடினால், பஸ் கொண்டக்டர் துறையில் சொல்வார், பாதைக்காரர் தேத்தண்ணிக் கடையில் சொல்வார், அங்கே குடித்துக்கொண்டிருந்தவர் வட்டைக்குப் போய்ச் சொல்வார். அது யாருடைய வேலையும் இல்லை, ஆனாலும் மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இடையில் ஏதோ ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் விடுபட்டு, அவர்கள் வருடக்கணக்காக முகம் கொடுக்காமல் இருந்ததும் உண்டு. நல்ல பாதியை மட்டும் நினைத்துக்கொண்டு நான் சந்தோசப்பட்டேன்.

அடுத்த கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கோயிலுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டி, தலையை இழுத்து முடிந்து, பவுடர் பூசி வந்திருந்தாள்.

“ஆரும் உன்னப் பாக்கப் போறல்லகா,” என்றேன்.

“தெரியாத ஆக்களிட்டப் போறம். மரியாதையாப் போகணும்,” என்றாள். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து அவள் முந்தானையைச் சரிசெய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கள் ஊர், கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு, தாய்வழியில் என்ன குடி, அப்பா எந்த வட்டைக்கு வட்டவிதானையாக இருந்தவர், அம்மா யாருடைய மகள், எல்லாவற்றையும் சொல்லிய பிறகுதான் விசயத்துக்கு வந்தாள். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் நாம் யார் என்று சொல்லாமல் காரியத்தைக் கேட்பது எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. உப்புமூட்டைக்கும் ஆறாம் விரலுக்கும் நடுவில், எங்கள் பரம்பரை முழுவதையும் பரப்பி வைத்தோம். கடைசியில் மூன்றே வரி. தம்பி இன்ன வருடம் போனவன், அப்பாவுக்குச் சுகமில்லை, அவனுடைய குரலைக் கேட்க ஆசைப்படுகிறார்.

தொலைபேசி இலக்கம் போடலாம் என்றேன். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “என்ட நம்பர மட்டும் போட்டிராதீங்க தங்கச்சி. ஆர் எங்கயிருந்து என்னத்துக்கு எடுக்கான் எண்டு தெரியா. நாளைக்கு ரெண்டு பக்கமும் வந்து என்னக் கேக்கும்.” அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்புக்காகவே காணாமல் போனவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசியும் இல்லை. மின்கடிதம் அனுப்புகிற முகவரியையும் எல்லாரையும் போலப் பொய்யாகத்தான் போட்டோம். பதில் அந்த இடத்திலேயே வரும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார்.

இரண்டு நாளில் பதில்கள் வந்தன. முதலாவது ஆறாம் விரலுடையது. “இது என்ன, கல்யாண விளம்பரமா?” என்று கேட்டிருந்தார். இன்னொருவர், தலைப்பு ஒழுங்காகப் போடத் தெரியாதவர்கள் எல்லாம் ஏன் இங்கே வருகிறார்கள் என்று ஏசியிருந்தார். அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது முகம் சுருங்கிப்போனது. மூன்றாவது உப்புமூட்டையிடமிருந்து.

“எனக்கு உங்கள் தம்பியைத் தெரியும். நீங்கள் எழுதியதை அவருக்குக் காட்டினேன். வாசித்தார்.”

அவ்வளவுதான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இரிக்கான். உசிரோட இரிக்கான்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைக்காரர் கீழே போய் எங்களுக்கு இரண்டு சோடா வாங்கிவந்தார். அன்று பாதையில் போகும்போது, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் அக்கா அதைச் சொன்னாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் இடது கையால் அக்காவின் தலையைத் தடவினார். எங்களை அவர் அப்படித் தடவி நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒரு கிழமை பார்த்தோம். தம்பி எழுதவில்லை. உப்புமூட்டையும் எழுதவில்லை. அதைவிட விசித்திரம், அந்தக் கூட்டமே குறைந்துபோனது. புட்டுச் சண்டைக்காரர்களைக் காணோம். எங்கோ ஒருவர் இருவர் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் போய் உட்கார்ந்ததும் எல்லாரும் எழும்பிப் போய்விட்டது போல எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

“நம்மட ஊரச் சொன்னது பிழையோ?” என்றாள். “படுவான்கரை ஆக்களெண்டா அவங்களுக்கு இளக்காரமாக்கும்.”

“அப்பிடி இரிக்காது.”

“பின்ன என்ன? குந்தியிருந்த ஆக்கள் எல்லாம் எங்க போன?”

இரண்டாவது தரமும் எழுதினோம், இந்த முறை சுருக்கமாக. உப்புமூட்டை அவர்களே, தம்பி என்ன சொன்னான் என்று தயவுசெய்து சொல்லுங்கள். பதில் இல்லை. அடுத்த மாதம் மூன்றாவது தரம். அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் உள்ளே வரும்போதே கண்ணால் கேட்பார், பிறகு வாயாலும் கேட்பார். “என்னவாம்?” அந்த ஒரு சொல் எனக்கும் விளங்கும். “இன்னும் வரல்ல, அப்பா,” என்று சொல்லிச் சொல்லி எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே வெறுத்துவிட்டது.

நான்காவது தரம் எழுதலாம் என்று நான் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்து முறை அப்படி. ஒரு வீட்டுக்குப் போனால் வேலியில் வாசல் விட்டிருக்கும் கடப்படியில் நின்று கூப்பிட வேண்டும். வீட்டார் “ஆரு, வாங்க” என்று சொல்லாமல் உள்ளே கால் வைப்பதில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் மூன்று தரம் கூப்பிட்டுக் குரல் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். பகை வீடாக இருந்தாலும் கூப்பிட்டவனுக்குக் குரல் கொடுக்காமல் விடுவதில்லை. அப்படி விட்டால், இனி நீ எனக்கு ஆருமில்லை என்று அர்த்தம். நாலாம் தரம் கூப்பிடுகிறவனை ஊர் மதிக்காது.

“அவன் வாசிச்சிட்டான் புள்ள,” என்றாள் அக்கா. “வாசிச்சும் வாய் திறக்கல்ல. இன்னும் போய் நிண்டா நமக்கென்ன மானமில்லயா? அப்பாக்கு ஏன் சும்மா ஆசை காட்டுற?”

அன்று பின்னேரம் அவள் அப்பாவிடம் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். “அப்பா, அவன் நம்ம எழுதினத வாசிச்சிட்டானாம். பதில் தரல்ல. இனித் தரமாட்டான்.” மாடு கட்டியாயிற்றா என்று அப்பா கேட்டார். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் கேட்கவில்லை.

சமாதானம் முடிந்ததும் படுவான்கரைக்குள் செல் குண்டு விழத் தொடங்கியது. பாதை நின்றது. சனங்கள் கிடைத்த தோணியிலும் கழுத்தளவு தண்ணீரிலும் வாவியைக் கடந்து வந்தார்கள். அக்காவும் அத்தானும் அப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டினத்துக்கு வெளியே ஒரு வெளியில் போட்ட கூடாரத்தில்தான் அவர் முடிந்தார். மகன் செய்ய வேண்டியதை அத்தான் செய்தார். வந்தவர்களில் சிலர் மகன் எங்கே என்று கேட்டார்கள். “அவன் இல்ல,” என்று அக்கா சொன்னாள். அது என்ன இல்லை என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சண்டை முடிந்து, வீடு திரும்பி, மண்முனையில் பாலமும் போட்டாயிற்று. இந்தக் காலத்துக்குள் நான் தம்பியைத் தேடியதேயில்லை. தேடியிருக்கலாம். கணினி வீட்டுக்கே வந்துவிட்டது, பிறகு கைக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் எனக்கு அவன் மேல் அவ்வளவு ஆத்திரம். ஒரு கிழவனின் ஆசைக்கு ஒரு வரி எழுத முடியாதவனை ஏன் தேட வேண்டும் என்று நினைத்தேன். அக்காவும் நானும் என்று இரண்டு பேர் அந்த ஆத்திரத்தை வளர்த்தால் அது நன்றாகத்தான் வளரும்.

ஒரு நாள் பள்ளிக்கூட வேலையாக, எங்கள் கோயிலைப் பற்றி ஏதோ தேடவேண்டி ஊரின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். அந்த முதலாளியில்லாத இடத்தின் பழைய பேச்சுகளை எல்லாம் யாரோ அள்ளி ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் நாங்கள் எழுதிய முதலாவது செய்தி அப்படியே கிடந்தது. ஊர், குடி, வட்டை, அம்மாவின் தகப்பன், எல்லாம். கல்யாண விளம்பரமா என்ற கேள்வியும் கிடந்தது. உப்புமூட்டையும் இருந்தார். அவருக்குக் கீழே, எங்கள் நெற் கடையில் நாங்கள் ஒருநாளும் காணாத ஒரு நீண்ட வரிசை இருந்தது.

அதில் முதலாவது தம்பியுடையது. உப்புமூட்டை எழுதிய மறுநாளே எழுதியிருந்தான்.

“அக்கா, நான்தான். அப்பாக்கு என்ன நடந்த? கீழ இரிக்கிற நம்பருக்கு எடுங்க. இல்லாட்டி ஒரு நம்பர் தாங்க, நான் எடுக்கன். எந்த நேரமெண்டாலும் சரி.”

அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேர். சகோதரி வாருங்கள், உங்கள் தம்பி பதில் போட்டிருக்கிறார் பாருங்கள் என்று ஒருவர். கல்யாண விளம்பரம் என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டு ஆறாம் விரல். சில நாள் விட்டுத் தம்பி மறுபடியும் எழுதியிருந்தான்.

“அக்கா, நான் எழுதினது இதில தெரியுது. நீங்க பாத்திருப்பீங்க. அப்பா இன்னும் கோவமா? கோவமெண்டா எடுத்து ஏசச் சொல்லுங்க. ஏசினாலும் பரவாயில்ல, குரலக் கேட்டாப் போதும்.”

எல்லாரையும் நாறடித்துக்கொண்டு திரிந்த பழைய சைக்கிள்கூட அதில் வந்து கேட்டிருந்தார். “உந்த மட்டக்களப்புப் பிள்ளையள் எங்கை போட்டினம்? ஆராவது அந்த மனுசனுக்கு ஒரு மறுமொழி சொல்லுங்கோ.”

கடைசியாக, நாங்கள் எங்கள் மூன்றாவது செய்தியை எழுதிய அதே மாதத்தில், தம்பியும் எழுதியிருந்தான். “மூண்டாந் தரமாக் கூப்பிடுறன், அக்கா. இதுக்குமேல கூப்பிட்டா நல்லா இரிக்காது. எல்லாரும் சுகமா இருங்க.”

எங்கள் இரண்டாவதும் மூன்றாவதும் அங்கே இல்லவே இல்லை. நான் நெடுநேரம் தேடினேன். முதலாவது செய்தி மட்டும் தாண்டிப் போயிருக்கிறது. உப்புமூட்டையின் அந்த ஒரு வரி மட்டும் தாண்டி வந்திருக்கிறது. அதோடு எங்கள் கம்பனியின் மெசினுக்கும் மற்றவற்றுக்கும் இடையில் எங்கேயோ வழி அடைபட்டுவிட்டது. எங்களைக் கண்டு யாரும் எழும்பிப் போகவில்லை. அவர்கள் எல்லாரும் அங்கேயே இருந்து எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தான் எழுதியது தன் கண் முன்னால் தெரிந்ததால் எங்களுக்கும் தெரியும் என்று அவன் நம்பினான். நாங்கள் எழுதியது எங்களுக்குத் தெரிந்ததால் நாங்களும் அப்படியே நம்பினோம். ஒரே வளவில் வளர்ந்த பிள்ளைகள், இரண்டு பக்கமும் அளந்துவைத்தது போல மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, மானத்தோடு திரும்பிவிட்டோம்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு எல்லையில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கடைக்காரர் எப்போதோ கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். அந்தக் கம்பனியே இல்லை. மற்ற மெசின்களுக்கு யார் பொறுப்பு? ஒருவரும் இல்லை. முதலாளி இல்லை என்று கேட்டு அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன். போய்ச் சண்டை பிடிக்க ஒரு வாசல்கூட இல்லாத இடம் அது என்று இப்போதுதான் விளங்கியது.

தம்பி எழுதியிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அது வேறு யாருடையதோ ஆகியிருந்தது. பிறகு இப்போது எல்லாரும் படம் போடுகிற இடத்தில் தேடினேன். அந்த இடத்துக்கு முதலாளி உண்டு, எங்கள் வீட்டுக் கதை முழுவதும் அவனுக்குத் தெரியும், அதை விற்றும் பிழைக்கிறான். ஆனாலும் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் தம்பி கிடைத்துவிட்டான். தலை நரைத்து, அப்பாவின் மூக்கோடு நின்றான்.

அவன் எடுத்தபோது நான் அக்கா வீட்டில் இருந்தேன். தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டோம். அக்கா கேட்டாள், “சாப்பிட்டயா?” அதற்கே அவன் அழுதுவிட்டான். நடந்ததை நான் சொன்னேன். அவன் நம்பவில்லை. திரும்பவும் சொன்னேன். “அப்ப நீங்க ஒண்டுமே காணல்லயா? ஒண்டுமே?” என்று நாலைந்து தரம் கேட்டான். அவன் குரலில் ஒரு சிரிப்பு வந்து, சிரிப்பாகவே முடியாமல் போனது.

“அப்பா எப்ப வரைக்கும் என்னக் கேட்டவர்?” என்று கேட்டான்.

நான் அக்காவைப் பார்த்தேன். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி அவனை ஆற்று என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் பொய் சொல்லவில்லை.

“நீ வாசிச்சிட்டாய், பதில் தரமாட்டாய் எண்டு நான் சொன்ன நாள் வரைக்கும்.”

“அதுக்குப் பிறகு?”

“கேக்கல்ல.”

எனக்கு அக்காவை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள். அவள் அடுத்துச் சொன்னதை அதுவரை என்னிடமும் சொன்னதில்லை.

“எங்களிட்டக் கேக்கல்லடா. ஆனா விடியக்காலம, நான் வெளியால போயிட்டன் எண்டு நினைச்சித் தனியச் சொல்லிப் பாப்பார். நீ எடுத்தா வாய் குளறக்கூடாதாம். ‘எப்ப மனே வாறாய்’. அவ்வளவுதான். அது அவருக்கு வராது. திரும்பத் திரும்பச் சொல்லுவார். டெண்டுக்க வந்த பிறகும் விடல்ல.”

“வந்ததா அக்கா?” என்று தம்பி கேட்டான்.

“கடைசிக் கிழமை வந்திட்டு மனே. ஒரு எழுத்தும் குளறல்ல. அவ்வளவு தெளிவாச் சொன்னவர்.”